தெற்காசியப் படங்களுக்கு நாம் என்ன செய்யலாம்: டீ நேரத்தில் கேட்ட கேள்விகள்

நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து மாதம் ஒரு படம் திரையிடுகிறோம். பெரும்பாலும் புதுச்சேரியில், சில மாதங்கள் கடலூரில். சங்கப் பெயர், பேனர் எதுவும் கிடையாது. இரவல் புரொஜக்டர், சொந்த வெள்ளைத் துணி, படம் முடிந்ததும் டீ. அந்த டீ நேரத்தில் வரும் சந்தேகங்கள் மாதா மாதம் ஒன்றேதான். வாயால் சொல்லிச் சலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

தெற்காசிய சினிமான்னா என்னங்க, இந்திப் படம்தானே?

இல்லை. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம், பூட்டான், மாலத்தீவு, ஆப்கானிஸ்தான் ஆகிய எட்டு நாடுகளின் எல்லா மொழிப் படங்களும் இதில் அடக்கம். அங்கிருந்து வெளிநாடு போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் எடுக்கும் படங்களும் சேர்த்திதான். பூட்டான் மலைக்கிராமப் பள்ளிக்கூடத்தைப் பற்றிய 'லுனானா' 2022இல் ஆஸ்கர் இறுதிப் பட்டியல் வரை போனது. அதே வருடம் பாகிஸ்தானின் 'ஜாய்லேண்ட்' பிரான்ஸில் நடக்கும் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு வாங்கியது. இலங்கையின் விமுக்தி ஜயசுந்தர 2005இலேயே கானில் முதல் படத்துக்கான கேமரா தோர் விருதை வாங்கிவிட்டார். 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருது ஒரு தமிழ்ப் படத்துக்குப் போனது: பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'.

நம் ஊரில் யாரும் தன்னைத் தெற்காசியர் என்று சொல்லிக்கொள்வதில்லை. லண்டனிலோ டொராண்டோவிலோ போய் இறங்கிய பிறகு ஒட்டிக்கொள்ளும் பெயர் அது. அங்கே ஆடிஷனுக்குப் போனால் சென்னைக்காரருக்கும் லாகூர்க்காரருக்கும் ஒரே வேடம்தான் காத்திருக்கும்: டாக்ஸி டிரைவர், இல்லாவிட்டால் டாக்டர்.

தமிழ் சினிமாவுல கோடி கோடியாப் புரளுது. அதுக்கு நாம வேற ஆதரவு தரணுமா?

கோடி புரளும் படத்துக்கு வேண்டாம். நான் பேசுவது நட்சத்திரம் இல்லாத படங்களைப் பற்றி. சென்னையில் நாலு தியேட்டர், காலைக் காட்சி, அடுத்த வெள்ளிக்கிழமை ஆளைக் காணோம். கடலூர் வரை வந்து சேர்வதே அபூர்வம்.

இது புதிதும் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன், தான் எழுதிய 'உன்னைப்போல் ஒருவன்' கதையைத் தானே இயக்கி 1965இல் படமாகக் கொண்டுவந்தார். தேசிய விருது கிடைத்தது, விநியோகஸ்தர்கள் கிடைக்கவில்லை. அவர் பிறந்த ஊரில் அதைத் திரையில் பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா என்று எங்கள் திரையிடலுக்கு வரும் பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர்கூட இல்லை.

பாண்டிச்சேரியில வாரா வாரம் ஷூட்டிங் நடக்குது. இதுக்கு மேல என்ன பிரதிநிதித்துவம்?

நடக்கிறது, ஆனால் எங்கே? பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே நாலு தெருவில். மஞ்சள் சுவர், காகிதப்பூ, நீலப் பலகையில் பிரெஞ்சுத் தெருப்பெயர். காதலர்கள் சைக்கிளில் போவார்கள், பாட்டு முடியும், வேன் கிளம்பிவிடும். வாய்க்காலுக்கு மேற்கே நெல்லித்தோப்பு, முதலியார்பேட்டைப் பக்கம், மில்லை நம்பி வாழ்ந்து அது மூடிய பிறகு திகைத்து நிற்கும் குடும்பங்கள் பக்கம் கேமரா திரும்புவதில்லை. கடலூருக்கு அந்த மஞ்சள் சுவர்கூட இல்லை. 2004 சுனாமிக்கும் 2011 டிசம்பர் தானே புயலுக்கும் ஓடி வந்த கேமராக்கள், ஓ.டி. (கடலூர் பழைய நகரம்) துறைமுகத்தில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி விடிகிறது என்று பார்க்க வந்ததில்லை.

2012இல் வந்த 'லைஃப் ஆஃப் பை' இங்கே எடுக்கப்பட்டதில் எனக்கும் பெருமைதான். நாலு ஆஸ்கர் வாங்கியது. பம்பாய் ஜெயஸ்ரீயின் தமிழ்த் தாலாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. நம்மூர் ஆட்கள் கூட்டத்தில் நின்றார்கள், டிபன் கிடைத்தது, பேட்டா கிடைத்தது. சரி, அதற்கு அடுத்த படி என்ன என்பதுதான் கேள்வி. கதை யாருடையது, கேமராவுக்குப் பின்னால் யார், எடிட்டிங் மேஜையில் 'இது வேண்டாம்' என்று சொல்லும் உரிமை யாருக்கு?

நம்மாளு முகம் திரையில வந்தா போதாதா? இதையெல்லாம் எப்படி அளக்கறது?

ஒரு வழி இருக்கிறது. பிரிட்டிஷ் நடிகர் ரிஸ் அகமது 2017இல் அந்த நாட்டு நாடாளுமன்றத்தில் இதைப் பற்றிப் பேசினார். அதைக் கேட்டவர்கள் அடுத்த வருடம் 'ரிஸ் டெஸ்ட்' என்று ஐந்து கேள்விகள் வைத்தார்கள். படத்தில் முஸ்லிம் என்று தெரியும் ஒரு பாத்திரம் வந்தால், அவர் பயங்கரவாதத்தோடு தொடர்புள்ளவரா? காரணமில்லாமல் கொதிப்பவரா? மூடநம்பிக்கை கொண்ட பழமைவாதியா? மேற்கத்திய வாழ்க்கைக்கு ஆபத்தானவராகக் காட்டப்படுகிறாரா? ஆண் என்றால் பெண்களை வெறுப்பவர், பெண் என்றால் ஆண்களால் அடக்கப்பட்டவர் என்று வருகிறாரா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் படம் ஃபெயில். இதை ஒரு நாள் விளையாட்டாக நம் தமிழ்ப் படங்களுக்குப் போட்டுப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் விளையாட்டு மனநிலை போய்விட்டது.

குரலும் இதில் சேரும். 'சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூனில் கடை வைத்திருக்கும் அப்பு என்ற இந்தியருக்கு வருடக்கணக்கில் ஒரு வெள்ளை நடிகர், ஹாங்க் அசாரியா, குரல் கொடுத்தார். அமெரிக்காவில் வளர்ந்த இந்தியப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் அந்தக் குரலிலேயே கேலி செய்தார்கள். ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர் 2017இல் அதைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். 2020இல் அசாரியா அந்த வேலையிலிருந்து விலகிக்கொண்டார்.

நான் சாதாரண ஆளு. கையில காசும் இல்ல. என்னால என்ன ஆகும்?

முதல் மூன்று நாளுக்குள் டிக்கெட் வாங்குங்கள். சின்னப் படத்துக்கு மூன்றாவது வாரம் என்று ஒன்று கிடையாது. உங்கள் ஊருக்கு வரவில்லை என்றால் தியேட்டர் மேனேஜரிடம் போய் வாய்விட்டுக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் ஒரு காட்சி போட்ட மேனேஜர் எனக்குத் தெரியும். படம் பிடித்திருந்தால் மூன்று வரி எழுதுங்கள், இயக்குநர் பெயரோடு. 'ஒரு நல்ல படம் பார்த்தேன்' என்று பெயரே இல்லாமல் ஸ்டேட்டஸ் போடுவதால் யாருக்கும் லாபமில்லை.

காசைவிடப் பெரிய உதவிகள் உண்டு. குறும்படம் எடுக்க வரும் பிள்ளைகளுக்குத் தேவை ஒரு திண்ணை, ஒரு பிளக் பாயின்ட், மத்தியானம் சாம்பார் சாதம், 'கொஞ்ச நேரம் மிக்ஸி போடாதீங்க' என்று பக்கத்து வீட்டில் சொல்ல ஒரு அக்கா. புதுச்சேரிக்காரர்களிடம் இன்னொரு சொத்தும் இருக்கிறது, பிரெஞ்சு. பிரெஞ்சு நிதிக்கும் விழாக்களுக்கும் அனுப்பும்போது கதைச்சுருக்கத்தையும் சப்டைட்டிலையும் பிரெஞ்சில் செய்ய வெளியில் நிறையப் பணம் கேட்பார்கள். நம் தெருவில் ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியார் சாயங்காலம் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த மாதிரி படமெல்லாம் இங்க எங்க பாக்கறது?

பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸில் திரையிடல் நடக்கிறது. ஆரோவில்லிலும் உண்டு. புதுச்சேரி அரசு நடத்தும் இந்தியன் பனோரமா திரைப்பட விழா இருக்கிறது, அனுமதி இலவசம். அந்த விழாவில் தரும் விருது சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில். தமிழ் நாடகத்துக்கு வாத்தியாரான அவர் 1922இல் காலமானது இந்த ஊரில்தான். விருது விழாவுக்குக் கூட்டம் வரும், மறுநாள் படத்துக்குப் பாதி நாற்காலி காலி. முந்தைய கேள்விக்கு இதையும் பதிலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தியேட்டருக்கே வரல. டெலிகிராம்ல பாத்தா என்னங்க தப்பு?

சட்டப்படி தப்பு. திரைப்படச் சட்டத்தின் 2023 திருத்தத்துக்குப் பிறகு, திருட்டுத்தனமாகப் பதிவு செய்து பரப்புபவருக்கு மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை, அபராதம் குறைந்தது 3 லட்சம். அதிகபட்சம் படத்தின் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகலாம்.

சட்டத்தை விடுங்கள். பெரிய படத்துக்குத் திருட்டுப் பிரதி ஒரு சிராய்ப்பு. சின்னப் படத்துக்கு அதுதான் மொத்த வியாபாரமும். ஓடிடிக்காரர்கள் 'ஏற்கனவே எல்லாரும் பார்த்துட்டாங்களே' என்று விலையை அடிமட்டத்துக்கு இறக்குவார்கள். எங்குமே கிடைக்கவில்லை என்றால் இயக்குநருக்கே ஒரு மெயில் போடுங்கள். நான் எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மேல் லிங்க் அனுப்பினார்கள், ஒருவர் நன்றியும் சொன்னார்.

நம்மாளு எடுத்த படம்னா நல்லா இல்லேன்னாலும் பாராட்டணுமா?

வேண்டாம். டிக்கெட் வாங்குவது வேறு, பொய் சொல்வது வேறு.

ஃபிரான்ஸ்ல இருக்கற சித்தப்பா பசங்க தமிழே சரியாப் பேசமாட்டாங்க. அவங்க எடுக்கறதும் நம்ம படமா?

இதை அதிகம் கேட்பவர்கள் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின், குடும்பத்துக்காரர்கள்தான், நியாயமும் இருக்கிறது. பாதிக் குடும்பம் பாரிஸில், பாதி இங்கே. என் பதில்: அவர்கள் படம் அவர்கள் வாழ்க்கையைச் சொல்கிறது, நம் வாழ்க்கையைச் சொல்லும் கடமை அதற்கு இல்லை. 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரில் கதாநாயகியாக வந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் பிறந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண். அமெரிக்கப் பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழ்ப் பெண் காதலிக்கிறாள், சொதப்புகிறாள், அம்மாவோடு சண்டை போடுகிறாள். 'இது எங்க வீட்டுல நடக்காது' என்றார் ஒருவர். அவர் மகள் பின்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போ வெள்ளைக்காரன் நம்ம கதைய எடுக்கவே கூடாதா?

இங்கேதான் எனக்கே குழப்பம் வரும். இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

'தீபன்'. இயக்கியவர் ழாக் ஓதியார், பிரெஞ்சுக்காரர். 2015இல் கானின் பெரிய விருதான தங்கப் பனை அதற்குத்தான். நாயகனாக நடித்தவர் ஷோபாசக்தி. பாரிஸில் வாழும் ஈழத்து எழுத்தாளர், சிறுவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர். நாயகி காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து போனவர். படத்தில் பெரும்பகுதி தமிழ்ப் பேச்சு, காது உறுத்தவில்லை. கடைசிக் கால் மணி நேரம் துப்பாக்கிச் சண்டையாக முடிந்தது எனக்குப் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம்.

'ஃபன்னி பாய்', 2020. இயக்கியவர் தீபா மேத்தா, அமிர்தசரஸில் பிறந்த கனடாக்காரர், அதாவது தெற்காசியர். கதை கொழும்புத் தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. ஆனால் முக்கிய வேடங்களுக்குத் தமிழர்களைத் தேடவில்லை, தமிழ் உச்சரிப்பும் கொடுமை என்று புலம்பெயர்ந்த தமிழர்கள் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். மொழிக்காக அடிபட்ட ஒரு சமூகத்தின் கதையில் அந்த மொழியே தடுமாறினால் கோபம் வராதா? ஆக, 'தெற்காசியர்' என்ற குடை பெரிதாக இருந்தாலும் அதற்குள்ளேயே ஓரத்தில் நனைகிறவர்கள் உண்டு. யார் எடுத்தது என்று கேட்பதோடு, யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்றும் கேட்கவேண்டியிருக்கிறது.

தம்பி குறும்படம் எடுத்திருக்கான். எங்க அனுப்பறது?

முதலில் யூடியூபில் ஏற்றாமல் இருக்கச் சொல்லுங்கள். பல விழாக்கள் ஏற்கனவே பொதுவில் வந்த படத்தை எடுப்பதில்லை. அப்புறம் பட்டியல். கேரள சலச்சித்ர அகாடமி திருவனந்தபுரத்தில் நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழா நமக்கு ஒரு ராத்திரி ரயில் தூரம். ஆவணப்படம் என்றால் 1997இல் தொடங்கிய காத்மாண்டுவின் 'ஃபிலிம் சவுத் ஏசியா'வும், மும்பை சர்வதேச விழாவும் இருக்கின்றன. வெளிநாட்டில் லண்டன், லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் நகரங்களில் இந்தியப் பட விழாக்கள் உண்டு. சியாட்டில் நகரின் 'தஸ்வீர்' தெற்காசியப் படங்களுக்கென்றே நடப்பது. அதில் பரிசு வாங்கும் குறும்படம் ஆஸ்கர் போட்டிக்குத் தகுதி பெறலாம்.

பெரும்பாலும் 'ஃபிலிம்ஃப்ரீவே' தளம் வழியாக அனுப்பவேண்டும், கட்டணம் டாலரில். முந்திப் பதிவு செய்தால் குறையும். கட்டண விலக்கு கேட்டு மரியாதையாக ஒரு மெயில் போட்டால் சிலர் தருகிறார்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம்.

ஒரே மாசத்துல பதினொரு சர்வதேச விருது வாங்கித் தரேன்னு மெயில் வந்திருக்கு சார்!

குப்பையில் போடுங்கள். மாதாமாதம் விருது, திரையிடல் கிடையாது, 'கோப்பை வேண்டுமானால் தனியாகப் பணம் கட்டுங்கள்' என்றால் அது விருதுக் கடை. நானும் முன்பு ஒரு விழாவுக்குப் பணம் கட்டி, லாரல் இலை போட்ட சான்றிதழ் ஒன்றை பி.டி.எஃப்பாக வாங்கியிருக்கிறேன். என் பெயரிலேயே எழுத்துப்பிழை.

சப்டைட்டில் போடணும்னா கடலூர் பேச்சை மாத்தணுமா?

பேச்சை மாற்றாதீர்கள், சப்டைட்டில்காரரை மாற்றுங்கள். தேவனாம்பட்டினத்தில் எடுத்த ஒரு மாணவர் படத்தில், கரையில் நிற்கும் பெண் படகிலிருந்து இறங்கி வருபவரிடம் 'இன்னைக்குப் பாடு எப்படி?' என்று கேட்பார். நகரத்தில் வளர்ந்த நண்பர் அதை 'இன்று எவ்வளவு கஷ்டப்பட்டாய்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் போட்டுவிட்டார். கரையில் பாடு என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன். ஒரு சொல்லில் ஒரு வியாபாரக் கேள்வி அழுகாச்சிக் கேள்வியாகிவிட்டது. அந்தப் பெண் கணக்குக் கேட்கிறாள், இவர்கள் அவளைக் கண்ணீர் விட வைத்துவிட்டார்கள்!

வாடை, சோழகம், கொண்டல் எல்லாவற்றுக்கும் வெறுமனே 'காற்று' என்று போடுவதும் அப்படித்தான். எந்தத் திசைக் காற்று என்பதில்தான் அன்றைக்குக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்பது இருக்கிறது. படம் யாரைப் பற்றியதோ, அவர்களில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள். அவருக்குக் கூலியும் கொடுங்கள், டைட்டிலில் பெயரும் போடுங்கள்.

பெரிய படம்னா காசு யார் கொடுப்பா?

கோவாவில் நவம்பர் மாதம் ஒன்றிய அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்.எஃப்.டி.சி. நடத்தும் ஃபிலிம் பஜார் என்ற படச் சந்தைதான் முதல் படி. 2007இல் தொடங்கியது. 'லஞ்ச் பாக்ஸ்' அங்கிருந்து கிளம்பியதுதான். வெளிநாட்டில் ராட்டர்டாம் விழாவின் ஹியூபர்ட் பால்ஸ் நிதி, பெர்லின் விழாவின் வேர்ல்டு சினிமா ஃபண்ட். பிரான்ஸில் சி.என்.சி. என்ற அரசு அமைப்பு தருகிறது, ஆனால் அங்கே ஒரு தயாரிப்பாளர் உங்களோடு சேரவேண்டும். பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்' 2024இல் கானில் கிராண்ட் ப்ரீ வாங்கியதே, அது இந்திய, பிரெஞ்சுக் கூட்டுத் தயாரிப்புதான்.

ஊர்ப்பணத்தில் எடுக்க முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. 1976இல் ஷ்யாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்கு குஜராத் பால் விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். பிறகு லாரி பிடித்து வந்து தங்கள் படத்தைப் பார்த்தார்கள்.

எங்க தெருவுலயும் இப்படித் திரை கட்டி ஓட்டலாமா? சென்சார் வேணுமா?

வீட்டு ஓடிடி கணக்கு வீட்டுக்குத்தான். டிக்கெட் விற்காவிட்டாலும் தெருவில் போட உரிமையாளரின் அனுமதி வேண்டும். நாங்கள் இயக்குநருக்கோ தயாரிப்பாளருக்கோ எழுதி, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்கிறோம். உண்டியலில் சேர்ந்தது 3,000 ரூபாயோ எவ்வளவோ, அதை அனுப்பிவிடுகிறோம். பொதுவில் காட்ட 1952 சட்டப்படி சென்சார் சான்றிதழ் வேண்டும். விழாக்களுக்கு ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்குத் தருவதுண்டு.

சான்றிதழ் மறுத்தால் மேல்முறையீடு செய்ய முன்பு தீர்ப்பாயம் இருந்தது. ராமேசுவரம் மீனவர்களைப் பற்றிய லீனா மணிமேகலையின் 'செங்கடல்' அப்படித்தான் தப்பியது. 2021இல் தீர்ப்பாயத்தைக் கலைத்துவிட்டார்கள். இப்போது உயர் நீதிமன்றம்தான் வழி. சின்னப் படக்காரர் வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவார்?

எப்பப் பாரு வறுமை, சாதி. வெள்ளைக்காரன் கைதட்டத்தானே எடுக்கறாங்க?

பழைய குற்றச்சாட்டு. 1980இல் இந்தி நடிகையும் எம்.பி.யுமான நர்கிஸ், சத்யஜித் ராய் வறுமையை ஏற்றுமதி செய்கிறார் என்று சொன்னார். சில படங்களைப் பார்க்கும்போது எனக்கும் அந்தச் சந்தேகம் வரும், மறைக்கவில்லை. ஆனால் 'கூழாங்கல்' அப்படியா? தன் சகோதரிக்கு நடந்ததிலிருந்து அந்தக் கதை வந்தது என்று வினோத்ராஜே சொல்லியிருக்கிறார். சொந்த வீட்டுக் கதையைச் சொல்பவரிடம் 'கொஞ்சம் பணக்காரத்தனமா சொல்லுங்க' என்று எப்படிக் கேட்பது?

சாதி என்றால் இன்னொரு பெயரும் ஞாபகம் வருகிறது. மலையாளத்தின் முதல் நாயகி பி.கே. ரோசி. தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காமல் அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள், தமிழ்நாட்டுப் பக்கம் வந்து தலைமறைவாக வாழ்ந்து முடித்தார். அவர் பெயரில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் அமைப்பு சென்னையில் விழா நடத்துகிறது. வெள்ளைக்காரன் நம்மை எப்படிக் காட்டுகிறான் என்று பேசும் நாம், அந்த விழாவுக்கும் ஒரு தடவை பஸ் ஏறலாம்.

இவ்ளோ பேசறீங்களே, உங்க எட்டுப் பேர்ல எத்தனை பொம்பளைங்க? எத்தனை பேரு குப்பத்துலேர்ந்து?

தேவனாம்பட்டினத்தில் ஒரு அம்மா கேட்டது இது. பெண்கள் இரண்டு பேர். குப்பத்திலிருந்து அப்போது யாரும் இல்லை. புரொஜக்டர் தூக்க வரும் பையன் அந்த ஊர்தான், ஆனால் அவனை நாங்கள் எட்டுப் பேரில் கணக்கு வைத்திருக்கவில்லை.

அடுத்த மாதப் படத்தை அவனையே தேர்ந்தெடுக்கச் சொன்னோம். அவன் சொன்ன படம் எங்களில் ஐந்து பேருக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்குத்தான் முப்பது நாற்காலி போதாமல் பக்கத்து வலைக்கூடத்திலிருந்து பாய் கொண்டுவர வேண்டியிருந்தது. இப்போது ஒன்பது பேர்.